செலவழியாத பணம்

உலகத்தில் பணம் சேர்ப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகைக்காரர்கள் சேர்த்து வீடு கட்டுவார்கள். இரண்டாவது வகைக்காரர்கள் சேர்த்து வீட்டில் திட்டு வாங்குவார்கள். அடியேன் இரண்டாவது வகை.

விஷயம் வேறொன்றுமில்லை. எனக்கு ரூபாய் நோட்டு சேகரிக்கிற பைத்தியம். உடனே ராஜராஜ சோழன் காலத்துக் காசு, விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் என்றெல்லாம் கற்பனை பண்ணிவிடாதீர்கள். அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம். எழும்பூர் மியூசியத்தில் சௌக்கியமாக இருக்கட்டும். நான் சேர்ப்பதெல்லாம் இந்தத் தலைமுறை சரக்கு. பத்து ரூபாய், இருபது ரூபாய், ஐம்பது ரூபாய். இப்போது உங்கள் சட்டைப் பையில் மடிந்து கிடக்கிறதே, அதே ஜாடைதான்.

"பத்து ரூபாயை ஆல்பத்துல பத்திரமா வெச்சுட்டு, கீரைக்காரிக்குக் குடுக்க எங்கிட்ட பத்து ரூபா கேக்கற ஒரே மனுஷன் இந்த ஜில்லாவிலேயே நீங்கதான்" என்பது வீட்டுக்காரம்மாவின் கருத்து. எங்கள் வீட்டில் கருத்துச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒருவழிப் பாதை.

பெரியபாளையத்தில் குடியிருக்கிறவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆடி பிறந்துவிட்டால் பவானி அம்மனைப் பார்க்க வருகிற கூட்டம் இருக்கிறதே, அப்பப்பா! செங்குன்றம் வழியாக மெட்ராஸ் கூட்டம். ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திரா கூட்டம். ஆரணி ஆற்றங்கரை பூராவும் பொங்கல் அடுப்புப் புகை. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் வேப்பஞ்சேலை, ஒரு பக்கம் அங்கப்பிரதட்சணம். ஞாயிற்றுக்கிழமையானால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற பிகார், ஒடிசா பையன்களும் பஸ் பிடித்து வருகிறார்கள். இத்தனை பேர் மடியிலிருந்தும் பையிலிருந்தும் புறப்படுகிற நோட்டுகள் பூக்கடை, தேங்காய்க்கடை, வளையல்கடை என்று ஊரைச் சுற்றி வருகின்றன. தேசத்தின் நோட்டுகளெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை பெரியபாளையத்துக்கு வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரே கஷ்டம், வருகிற நோட்டெல்லாம் மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு வரும். பக்திக்கு அது விசேஷம். ஆல்பத்துக்கு ஆகாது.

நோட்டு சேகரிப்பவர்கள் ரொம்பப் பொல்லாதவர்கள். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு குறை சொல்லமாட்டார்கள். லென்ஸை வைத்துக்கொண்டு, "நடுவுல ஒரு மடிப்பு இருக்கே... மூலை லேசா மழுங்கியிருக்கே..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். மடிப்பே விழாத நோட்டுக்குத்தான் மரியாதை. நம் பாஷையில் சலவை நோட்டு. ஒரு மடிப்பு விழுந்தால் ஒரு படி கீழே. நாலு மடிப்பு விழுந்து நடுவில் ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் கும்பலில் கோவிந்தா.

முன்னெல்லாம் பாங்கிலிருந்து வரும் நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் கம்பி போட்டிருப்பார்கள். ஞாபகமிருக்கிறதா? கட்டைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர், கத்தி, கடைசியில் பல்! கட்டு பிரிவதற்குள் நகம் பெயர்ந்துவிடும். 2001-ல் ரிசர்வ் வங்கி ஒரு புண்ணிய காரியம் செய்தது. இனி கம்பி போடக்கூடாது, காகிதப் பட்டையால் கட்டுங்கள் என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய நோட்டுகளுக்கெல்லாம் காது குத்தின தடம் இருக்கும். எங்கள் கூட்டத்தில் அதைப் பெரிய குறையாகச் சொல்வதில்லை. "அந்தக் காலத்து நோட்டு, காது குத்தாம இருக்குமா?" என்று விட்டுவிடுவோம்.

*

"பத்து ரூபா நோட்டுன்னா பத்து ரூபா நோட்டு. ஒண்ணு வெச்சிருந்தா போதாதா? எதுக்கு நாப்பது?" என்று கேட்பீர்கள். என் மச்சினனும் கேட்டான்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நோட்டில் காந்தி சிரிப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். கையெழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மகாத்மா காந்தி வரிசை நோட்டு 1996-ல் வந்தது. அன்றிலிருந்து பத்து ரூபாயில் எத்தனை கவர்னர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ரங்கராஜன், பிமல் ஜலான், ஒய்.வி. ரெட்டி, சுப்பாராவ், ரகுராம் ராஜன், உர்ஜித் படேல், சக்திகாந்த தாஸ், 2024 டிசம்பரில் பதவிக்கு வந்த சஞ்சய் மல்ஹோத்ரா. ஆக எட்டுப் பேர். எண்பது ரூபாய்க்கு ஏறக்குறைய முப்பது வருஷத்து இந்தியப் பொருளாதாரமே ஆல்பத்துக்குள் வந்துவிடுகிறது! இவ்வளவு மலிவாக வேறெந்த சரித்திரப் புத்தகம் கிடைக்கும்?

அதோடு முடியவில்லை. 2005-லிருந்து நோட்டின் பின்பக்கம் அடியில் அச்சடித்த வருஷம் இருக்கும். அப்புறம் நம்பருக்குப் பின்னால் மங்கலாக ஒரு இங்கிலீஷ் எழுத்து ஒளிந்திருக்கும். சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு ரகம். அப்புறம் ஸ்டார் நோட்டு. நூறு நோட்டுக் கட்டில் ஒன்று அச்சடிக்கும்போது பாழாகிவிட்டால், அதற்குப் பதிலாக நம்பருக்கு நடுவில் நட்சத்திரம் போட்ட ஒரு நோட்டை வைத்துவிடுவார்கள். 2006-ல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்களில் இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். நமக்கு அது கண்ணில் பட்டால் தீபாவளி.

ஆனால் 2023 ஜூலையில் இந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இது கள்ள நோட்டு" என்று எவனோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டான். எங்கள் ஊர் தேங்காய்க்கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் ஸ்டார் நோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தேள் கொட்டினவர் மாதிரி நின்றார். "குடுங்க அண்ணே, நான் மாத்தித் தரேன்" என்றேன். என்னை அவர் தெய்வமாகப் பார்த்தார். நான் அவரைத் தெய்வமாகப் பார்த்தேன். பரஸ்பரம் இவ்வளவு திருப்தியான வியாபாரம் அந்தக் கடையில் அதுவரை நடந்ததில்லை. அந்த மாசமே ரிசர்வ் வங்கி, ஸ்டார் நோட்டும் நல்ல நோட்டுதான் என்று அறிக்கை விட்டது.

ஒரு ரூபாய் நோட்டு இன்னும் வேடிக்கை. மற்ற நோட்டுகளெல்லாம் ரிசர்வ் வங்கியின் குழந்தைகள். இது மட்டும் மத்திய அரசாங்கத்தின் நேரடி வாரிசு. கவர்னர் கையெழுத்து இருக்காது. நிதித் துறைச் செயலாளர் கையெழுத்துதான். "இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாக்குறுதியும் கிடையாது. சட்டப்படி அது நோட்டே இல்லை, காகிதத்தில் அடித்த நாணயம் மாதிரி! செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1994-ல் நிறுத்தினார்கள். 2015-ல் மறுபடி அச்சடித்தார்கள். மொய்க் கவரில் ஒட்டுகிற ஒற்றை ரூபாய்க்கு இவ்வளவு ஜாதகம்.

மன்மோகன் சிங் அதிர்ஷ்டசாலி. நிதித் துறைச் செயலாளராக இருந்தபோது ஒரு ரூபாயிலும் கையெழுத்துப் போட்டார். 1982-லிருந்து 1985 வரை ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது மற்ற நோட்டுகளிலும் போட்டார். அப்புறம் பிரதமரே ஆகிவிட்டார். நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிட்டரமணனும், தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். பட்டியலில் இருந்த சக்திகாந்த தாஸும்கூட இப்படி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். பி.என். அதார்கர் என்று ஒருத்தர். 1970-ல் 42 நாள்தான் கவர்னர். ஆனாலும் காந்தி நூற்றாண்டுக்காக வந்த நோட்டுகளில் அவர் கையெழுத்து ஏறிவிட்டது. சேவாகிராம ஆசிரமத்துக்கு முன்னால் காந்தி உட்கார்ந்திருப்பாரே, அந்த நோட்டு. காந்தி முதன்முதலாக நம் நோட்டில் வந்ததும் அப்போதுதான், 1969-ல்.

அந்த அதார்கர் கையெழுத்துப் போட்ட இரண்டு ரூபாய் நோட்டு என்னிடம் ஒன்று இருந்தது. இருந்தது என்று ஏன் சொல்கிறேன்? இப்போதும் இருக்கிறது. ஆனால் அதன் ஆத்மா சாந்தியடைந்துவிட்டது. நான் ஊரில் இல்லாத நாளில் என் மச்சினன் அதை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் லாமினேஷன் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமா, இனிமே தண்ணி பட்டாகூட ஒண்ணும் ஆவாது. இருபது ரூவா செலவு. பரவால்ல, நீங்க குடுக்க வேணாம்" என்றான் பெருமையாக.

லாமினேஷன் என்பது நோட்டுக்கு உயிரோடு சமாதி கட்டுவது. பிரிக்கவே முடியாது. அவனிடம் என்ன சொல்ல? அவன் அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன்.

*

நோட்டைத் திருப்பினால் இடது பக்கம் ஒரு சின்னக் கட்டத்தில் பதினைந்து மொழிகள் இருக்கும். அஸ்ஸாமியில் ஆரம்பித்து உருதுவில் முடியும். தமிழ் எங்கே? இங்கிலீஷ் அகர வரிசைப்படி அடுக்கியதால் பதின்மூன்றாவது. சம்ஸ்கிருதத்துக்குக் கீழே, தெலுங்குக்கு மேலே. பூதக்கண்ணாடி வேண்டாம், கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் போதும்.

"நம்ம ஊர் கோயில் ஒண்ணுகூட நோட்டுல இல்லியே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. இப்போதைய வரிசையில் பத்து ரூபாயில் கோனார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, நூறில் குஜராத்தின் ராணி கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. நம் பக்கம் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒரு காலத்தில் நமக்குத்தான் உச்சாணிக் கொம்பு. 1954-ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சாவூர் பெரிய கோயில் இருந்தது! என்ன பிரயோஜனம்? அந்த நாளில் ஆயிரம் ரூபாயைக் கண்ணால் பார்த்த தமிழன் எத்தனை பேர்? பார்த்தவர்களும் வெளியில் சொல்லியிருக்கமாட்டார்கள். 1978 ஜனவரி 16-ம் தேதி ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றையும் செல்லாது என்று அறிவித்ததில் பெரிய கோயிலும் போய்விட்டது.

போனால் போகிறது, ரூபாய் அடையாளமே நம் ஆள் போட்டதுதான். 2010-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். அடுத்த வருஷத்திலிருந்து அது நோட்டில் ஏறிவிட்டது. சேகரிப்பவர்களுக்கு அதுவும் ஒரு வேலை. குறி இல்லாதது ஒன்று, குறி உள்ளது ஒன்று. வீட்டுக்காரம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஒன்று.

தமிழுக்காக நோட்டையே வாபஸ் வாங்க வைத்த ஒரு தேசம் இருக்கிறது, தெரியுமா? நம் தேசம் இல்லை. மொரீஷியஸ். அங்கே நோட்டில் இங்கிலீஷுக்கு அடுத்த வரி தமிழ் என்பது வழக்கம். 1998-ல் புது வரிசை வந்தபோது தேவநாகரி எழுத்து மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கிவிட்டது. அந்த ஊர்த் தமிழர்கள் கொதித்துப் போனார்கள். "நாங்க முன்னாடியே வந்தவங்க, எங்க எழுத்து எப்படி பின்னாடி போகும்?" என்று போராட்டம். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 1999-ல் பழைய வரிசைப்படி வேறு அச்சடித்தார்கள். இங்கே பஸ்ஸில் கிழிந்த நோட்டை வாங்கமாட்டேன் என்கிற கண்டக்டரிடம் ஜெயிப்பதே நமக்குப் பெரும்பாடு. அங்கே அச்சடித்த நோட்டையே மாற்ற வைத்திருக்கிறார்கள்! அந்த 1998 நோட்டுக்கு இப்போது எங்கள் கூட்டத்தில் ஏகப்பட்ட கிராக்கி.

வெளிநாட்டு நோட்டில் என் செல்லப் பிள்ளை ஜிம்பாப்வே. 2009-ல் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு வெளியிட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் பதினாலு பூஜ்யம். பணவீக்கம் அந்த லட்சணத்தில் இருந்தது. என்னிடம் ஒன்று இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் நான் லட்சம் கோடிகளுக்கு அதிபதி. அதை வைத்து அங்கேயே ஒரு டீ வாங்க முடியாது என்பது வேறு விஷயம். 2015-ல் அந்த டாலருக்கே மங்களம் பாடிவிட்டார்கள். பூஜ்யம் கூடினால் மதிப்பு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போயிற்று.

*

சரி, சிரித்தது போதும். ஒரு சமாசாரம் சொல்லவேண்டும்.

சன்னதி பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிற அம்மா ஒருத்தர். வீட்டுக்காரர் இல்லை. காலை நாலு மணிக்கு எழுந்து மல்லி கட்டி, பெண்ணை நர்ஸிங் படிக்க வைக்கிறவர். போன ஆடி முடிந்த சமயம், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சார், நீங்க நோட்டு சேக்கறவராச்சே. இத்தப் பாருங்க" என்று சுருக்குப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நோட்டை எடுத்தார். டிராக்டர் படம் போட்டது. மடிப்பில் மடிப்பு விழுந்து, வெற்றிலைக் கறை ஏறி, வயதான பாட்டி மாதிரி இருந்தது.

"இதுக்கு எட்டு லட்சம் தராங்களாம் சார்."

"யாரு?"

"ரிசர்வ் பேங்குல இருந்து. வீடியோ வந்துச்சு, நம்பர் போட்டிருந்தாங்க. போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்துல போன் பண்ணிட்டாங்க. ஐடி கார்டெல்லாம் அனுப்பிகிறாங்க. பதிவுக் கட்டணம் ஆயிரத்து இருநூத்தம்பது கட்டிட்டேன். இப்ப ஜி.எஸ்.டி. பன்னண்டாயிரத்து ஐந்நூறு கட்டினா, சாயங்காலமே எட்டு லட்சம் அக்கவுன்ட்ல விழுந்துடுமாம். பாப்பா பீஸுக்கு வெச்ச துட்டு இருக்குது..."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நேரம் பார்த்து போனும் அடித்தது. "ஸ்பீக்கர்ல போடுங்கம்மா" என்றேன்.

மறுமுனையில் இங்கிலீஷ் கலந்த தமிழில் ஒரு குரல். பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று அதட்டிற்று.

"வணக்கம் சார், நான் அவங்க அண்ணன் பேசறேன்" என்றேன். "இந்த நோட்டுல கையெழுத்து யாரோடது சார்?"

"அது... ரிசர்வ் பேங்க் மேனேஜர் கையெழுத்து."

"மேனேஜரா? எந்த பிராஞ்ச் சார், ஆரணி பிராஞ்சா?"

லைன் கட். அதோடு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாந்தது தெரிந்துவிட்டது. ஆனால் மனசு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளுமா? எட்டு லட்சத்தில் அவர் என்னென்ன கணக்குப் போட்டு வைத்திருந்தாரோ! "ஒருவேளை நெஜமா இருந்தா?" என்றார் மெதுவாக.

"அம்மா, ரிசர்வ் வங்கி பழைய நோட்டை வாங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல. இதுக்குன்னு கட்டணமோ கமிஷனோ யார்கிட்டயும் கேக்கறதே இல்ல. 2021 ஆகஸ்ட்லயே அவங்களே எச்சரிக்கை விட்டிருக்காங்க, எங்க பேரைச் சொல்லி ஏமாத்தறாங்க, ஜாக்கிரதைன்னு."

அங்கேயே 1930-க்குப் போன் போட்டு சைபர் குற்றப் புகார் கொடுக்க வைத்தேன். பணம் போன உடனே சொன்னால் சில சமயம் வழியிலேயே மறித்துவிடுவார்கள். இவர் கட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது இன்னும் திரும்பி வரவில்லை. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் நர்ஸிங் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்ப இதுக்கு இன்னாதான் சார் விலை?" என்று நோட்டை நீட்டினார்.

உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? "பேங்க்ல குடுத்தா அஞ்சு ரூபா. இன்னமும் செல்லும். நான் வேணா சந்தோஷமா அம்பது ரூபா தரேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எட்டு லட்சம் தருகிறேன் என்று ஏமாற்றினவன் மேல்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஐம்பது ரூபாய்க்குக் கேட்ட என் மேல்தான் வந்தது. நோட்டு மறுபடி சுருக்குப் பைக்குள் போய்விட்டது.

இந்த மோசடி ஏன் பலிக்கிறது? கொஞ்சம் நிஜமும் கலந்திருப்பதால்தான். சில நோட்டுகள் நிஜமாகவே பெரிய விலைக்குப் போகின்றன. ஆனால் பழசு வேறு, அரிது வேறு. அந்த டிராக்டர் நோட்டை வருஷக்கணக்கில், கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். 1995-ல் நிறுத்திவிட்டு, 2001-க்கு அப்புறம் காந்தி படத்தோடு, பின்பக்கம் அதே டிராக்டரோடு மறுபடியும் அடித்தார்கள். ஊரெல்லாம் கிடைக்கிற பொருளுக்கு எவன் லட்சம் கொடுப்பான்? 786 என்று முடிகிற நோட்டும் அப்படித்தான். ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது நிஜமாகவே அரிது என்று தோன்றினால், நோட்டு விலைப் பட்டியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். கண்காட்சிக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் காட்டுங்கள். வாங்குகிறவன்தான் பணம் தரவேண்டும். விற்கிறவனிடம் முன்பணம் கேட்கிறவன் வியாபாரி இல்லை; திருடன். இதில் சந்தேகமே வேண்டாம்.

*

சேகரிப்பதற்கும் சட்டம் உண்டு. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களல்லவா? அடுத்த வருஷம் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தப் பழைய நோட்டுகளைச் சாதாரண ஜனங்கள் மொத்தம் பத்து வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி செய்கிறவர்களும் நோட்டு சேகரிப்பவர்களும் மட்டும் இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது பெரிசோ அதுவரை அபராதம்.

இந்தச் செய்தியை வீட்டுக்காரம்மாவுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "பாத்தியா? பார்லிமென்ட்டே என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு வரி எழுதியிருக்கு!"

"அபராதம்னும் எழுதியிருக்கில்ல? அந்தப் பக்கமும் சத்தமா படிங்க" என்றாள்.

2023 மே மாதம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தார்கள். அது செல்லாது என்று சொல்லவில்லை, புழக்கத்திலிருந்து எடுத்தார்கள். பின்பக்கம் மங்கள்யான் படம் இருக்குமே, அந்த மெஜந்தா நோட்டு. ஒன்றையாவது ஆல்பத்தில் வைக்க ஆசை. இரண்டாயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது நடுத்தரக் குடும்பத்தில் சாமானியமான தபஸா? மாசக் கடைசியில் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் மங்கள்யான் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. நோட்டைத் தண்ணீரில் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேஷனைப் பற்றி ஏற்கெனவே அழுதுவிட்டேன். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து நோட்டைக் கெடுத்துவிடும். நல்ல ஆல்பம் வாங்குங்கள். ஈரக் கையோடு தொடாதீர்கள். முதலில் பத்து ரூபாயில் ஆரம்பியுங்கள். பெரிய நோட்டில் ஆரம்பித்தால் மாசம் இருபதாம் தேதிக்கு மேல் சேகரிப்பு தானாகக் கரைந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விளையாட்டும் இருக்கிறது. நோட்டு நம்பரில் ஆறு இலக்கம். தேதி, மாதம், வருஷம் சேர்த்தாலும் ஆறு இலக்கம். 150847 என்று ஒரு நோட்டு கிடைத்தால் அது சுதந்திர தின நோட்டு! இப்படியே பிறந்தநாள் நோட்டு தேடலாம். வீட்டுக்காரம்மாவின் பிறந்தநாள் நம்பரை மூன்று வருஷம் தேடி, ஒரு வழியாக ஒரு பத்து ரூபாயில் பிடித்து, கல்யாண நாளன்று கவரில் போட்டுக் கொடுத்தேன். கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்லியா?" என்றாள். மறுநாள் அந்த நோட்டு கொத்தமல்லிக்காரரோடு வெங்கல் பக்கம் போய்விட்டதாகத் தகவல்.

இப்போதெல்லாம் புது நோட்டு கண்ணில் படுவதே குறைந்துகொண்டு வருகிறது. எங்கள் ஊரில் எலுமிச்சம்பழ மாலை விற்கிற பாட்டிகூட க்யூ.ஆர். அட்டை தொங்கவிட்டிருக்கிறது. பக்தர்கள் போனைக் காட்டுகிறார்கள், 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று ஒரு பெட்டி பேசுகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாய்க்குக் கவர்னர் கையெழுத்தும் இல்லை, பதின்மூன்றாவது வரியில் தமிழும் இல்லை, மஞ்சள் கறையும் இல்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு ரூபாய் என்பது வெறும் சத்தமாகப் போய்விடுமோ என்னவோ.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுங்கள். கையெழுத்து யாருடையது, எந்த வருஷம், நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பித் தமிழைத் தேடுங்கள். அப்புறம் தாராளமாகச் செலவழியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அதற்கு எட்டு லட்சம் தருகிறேன் என்று யாராவது போன் பண்ணினால், கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள்.

'மேனேஜர்' என்றால், உடனே 1930.